ட்ரோன் நேரா போகலையா? எது கோணுதுன்னு மொதல்ல பாருங்க

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு மேல ட்ரோன் விட்டு படம் எடுக்கறவங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கு, கடற்கரையில எடுக்கறவங்களுக்கு அது கெடையாது. இங்க கீழ எல்லாமே வரிசை. மரத்துக்கு மரம் பெரும்பாலும் 9 மீட்டர், முக்கோணமா நட்டிருப்பாங்க, அப்படின்னா ஒரு நெரைக்கும் அடுத்த நெரைக்கும் நடுவுல 7.8 மீட்டர்தான். ட்ரோனோட மூக்கு ரெண்டே ரெண்டு டிகிரி தப்பா நின்னா போதும், 300 மீட்டர் போறதுக்குள்ள பத்து மீட்டருக்கு மேல தள்ளிப்போயிடும், ஒரு நெரையத் தாண்டி அடுத்த நெரை மேல நிக்கும். கடல் மேல அது யாருக்கும் தெரியாது. நெரை மேல சின்னப்புள்ளகூட கண்டுபிடிச்சுடும்.

நான் இருக்கறது மலேசியாவுல, சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா பக்கம், எங்க பெரியவங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுவாங்க. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி இதெல்லாம் எடுத்துக் குடுப்பேன், ஆனா கொஞ்ச வருஷமா அதிகமா எடுக்கறது ஒடைக்கப் போற லயங்களத்தான், அதாவது தோட்டத் தொழிலாளிங்க இருந்த வரிசை வீடுங்கள. அதுக்கு நேரான ஷாட்டு ரொம்ப முக்கியம், ஏன்னு கடைசியில சொல்றேன். எங்கிட்ட வந்து ட்ரோன காட்டுற தம்பிங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, "அண்ணே, நேரா போக மாட்டேங்குது, காம்பஸ் கேலிப்ரேட் பண்ணிட்டேன், ஐஎம்யூ பண்ணிட்டேன், இன்னும் கோணுது, என்னண்ணே செய்யறது?" (கேலிப்ரேட்னா சென்சாரோட அளவ மறுபடி சரி பண்றது, ஐஎம்யூன்னா ட்ரோனோட சாய்வையும் அசைவையும் அளக்கற சென்சார்.) நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான்: "எது கோணுது தம்பி?" அதுக்கு பதில் வராது. பதில் தெரியாமலே கேலிப்ரேட் பண்ணிருப்பாங்க.

கோணல்ல மூணு ஜாதி இருக்கு. ட்ரோன் போற பாதை கோணுதா, பாதை சரியா இருந்து மூக்கு திரும்புதா, இல்ல ரெண்டும் சரியா இருந்து கேமராவோட அடிவானம் சாயுதா. வீடியோல பார்த்தா மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மூணுக்கும் வேற வேற.

மொதல்ல இந்த சோதனைய பண்ணுங்க

பள்ளி திடலுக்குப் போங்க, புள்ளைங்க இல்லாத நேரமா பார்த்து. திடல்ல ஓட்டப்பந்தயத்துக்கு சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பாங்க இல்லையா, அதுதான் உங்க அளவுகோல். ட்ரோன அஞ்சு மீட்டர் மேல ஏத்தி ரெண்டு கையையும் ஸ்டிக்ல இருந்து எடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா பாருங்க. அப்புறம் கேமராவ நேரா கீழ பாக்க வெச்சு, மூக்க கோட்டுக்கு நேரா வெச்சு, வலது ஸ்டிக்க மட்டும் முன்னாடி தள்ளி ஒரு அம்பது மீட்டர் போங்க, எடது ஸ்டிக்க தொடவே தொடாதீங்க. அந்தப் பக்கம் போனதும் நிறுத்தி, மூக்க முழுசா திருப்பி, அதே கோட்டு மேல திரும்பி வாங்க. ரெண்டையும் ரெக்கார்டு பண்ணுங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. காத்து பூமியோட சேர்ந்தது, கோளாறு மெஷினோட சேர்ந்தது. போகும்போது ட்ரோனுக்கு வலது பக்கம் தள்ளி, திரும்பி வரும்போது எடது பக்கம் தள்ளுச்சுன்னா அது காத்து. போகும்போதும் வலது, வரும்போதும் வலதுன்னா அது உங்க ட்ரோன், இல்ல ரிமோட்டு, இல்ல உங்க கட்டைவிரல். இந்த ஒரு சோதனைய விட்டுட்டு நேரா செட்டிங்ஸ் மெனுவுக்குள்ள போயிடாதீங்க, ஒழுங்கா இருக்கறதையும் கெடுத்துக்குவீங்க.

கைய எடுத்தா ஒரு பக்கமா நகந்துக்கிட்டே போகுது

மொதல்ல ஸ்க்ரீன்ல சாட்டலைட் எத்தனைன்னு பாருங்க. பத்துக்கு மேல வர்ற வரைக்கும், ஹோம் பாயிண்ட், அதாவது கெளம்பற எடம், பதிஞ்சாச்சுன்னு சொல்ற வரைக்கும் கெளம்பாதீங்க. செம்பனை மரத்தடியில நின்னுக்கிட்டு ஏத்துனா மட்டை எல்லாம் வானத்த மறைச்சுடும், சாட்டலைட் கம்மியாதான் புடிக்கும். தோட்ட ரோடு அகலமா இருக்கற எடமா பார்த்து ஏத்துங்க. ஆட்டி மோடுன்னு காட்டுச்சுன்னா ஜிபிஎஸ் கைவிட்டுடுச்சுன்னு அர்த்தம், அந்த நேரம் ட்ரோன் தன்னை மட்டமா வெச்சுக்கும், எடத்துல நிக்காது, காத்து எங்க தள்ளுதோ அங்க போகும்.

தாழ்வா பறக்கறப்ப அடியில இருக்கற ரெண்டு சின்ன கண்ணுதான் தரையப் பார்த்து எடத்தப் புடிச்சு வெச்சுக்குது, அது சுமாரா பத்து மீட்டர் வரைக்கும்தான் சரியா வேலை செய்யும். அந்தக் கண்ணுல செம்மண் புழுதி அப்பியிருந்தா தொடைங்க. தண்ணி மேலயும் அது ஏமாந்துடும். எங்க பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைங்க நெறைய, அழகா இருக்கேன்னு தண்ணிக்கு ரெண்டு மூணு மீட்டர் மேல கொண்டுபோவாங்க, அல நகர்றத பார்த்து தரைதான் நகருதுன்னு நெனச்சுக்கிட்டு ட்ரோனும் கூடவே நகரும். அதுக்கு வைத்தியமெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒசத்துங்க, ஜிபிஎஸ்ஸ நம்பி பறக்க விடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் நகருதுன்னா ரிமோட்டோட ஸ்டிக்க பாருங்க. மெனுவுல ஸ்டிக் கேலிப்ரேஷன் பக்கம் போனா நடுவுல விட்டப்ப சைபர் காட்டணும், ரெண்டு மூணுன்னு காட்டுச்சுன்னா நீங்க தொடாமலே ரிமோட்டு கட்டளை குடுத்துக்கிட்டு இருக்கு. ரிமோட்டு ஒரு தடவை கீழ விழுந்திருந்தா இது வர்றது சகஜம்.

ஐஎம்யூ கேலிப்ரேஷன் கடைசியாதான். காலையில மெஷின் சூடேறாம இருக்கறப்ப, மேசைய கொத்தனாரு வெச்சிருப்பாரே ரசமட்டம், அத வெச்சு பார்த்து சமமா இருக்கறத உறுதி பண்ணிட்டு செய்யுங்க. காடி (கார்) பானெட்டு மேல வெச்சு பண்ணாதீங்க, அது சரிவாவும் இருக்கு, இரும்பாவும் இருக்கு.

நின்ன எடத்துல வட்டம் போடுது, வட்டம் பெருசாகிக்கிட்டே போகுது

இது காம்பஸ். இத பார்த்தீங்கன்னா படம் எடுக்கறத அப்பவே விட்டுட்டு எறக்குங்க.

ஏன் வட்டம் போடுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும். தான் எங்க இருக்கோம்ன்றத ஜிபிஎஸ் சொல்லும், எந்தப் பக்கம் பார்த்து நிக்கறோம்ன்றத காம்பஸ் சொல்லும். காத்து ஒரு அடி கெழக்க தள்ளுச்சுன்னு வைங்க, ட்ரோன் மேற்க திரும்பி வரணும். ஆனா காம்பஸ் முப்பது நாப்பது டிகிரி தப்பா சொன்னா மேற்குன்னு நெனச்சுக்கிட்டு வடமேற்குப் பக்கமா போகும். போனதும் ஜிபிஎஸ் தப்புன்னு சொல்லும், மறுபடி திருத்தும், திருத்துற தெசையும் தப்பு. அப்படியே சுத்திச் சுத்தி வட்டமா ஆயிடும். தப்பு கம்மியா இருந்தா வட்டம் வராது, ஆனா நேரா தள்ளினா நண்டு மாதிரி சாய்வா போகும். நெரை மேல கோணலா போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கே இது நடந்திருக்கு. ஒரு கோயில் திருவிழாவுல முன்னாடி இருக்கற சிமெண்டு தளத்துல வெச்சு ஏத்தப் போனேன், மேக்னடிக் இண்டர்ஃபியரன்ஸ்னு, அதாவது காம்பஸ பக்கத்து இரும்பு குழப்புதுன்னு, வந்துச்சு, நான் அங்கயே நின்னு கேலிப்ரேட் பண்ணிட்டேன். அதுதான் பெரிய தப்பு. சிமெண்டுக்கு அடியில கம்பி வலை கட்டியிருப்பாங்க, அந்தக் கம்பியோட இழுப்பையும் சேர்த்து அதுதான் வடக்குன்னு ட்ரோனுக்கு சொல்லிக் குடுத்துட்டேன். மேல போனதும் கம்பி இல்ல, ஆனா கணக்கு மட்டும் அப்படியே இருக்கு. எட்டு மீட்டர் ஒசரத்துல சுத்த ஆரம்பிச்சுடுச்சு. நல்லவேளை ரதம் இன்னும் கெளம்பல, கீழ ஆளுங்க இல்ல, வலது ஸ்டிக்க சின்னச் சின்னதா எதிர்ப் பக்கம் குடுத்துக்கிட்டே எறக்கிட்டேன். அப்புறம் இருபது அடி தள்ளி புல்லு மேல வெச்சு மறுபடி கேலிப்ரேட் பண்ணேன், தூண் மாதிரி நின்னுச்சு.

அதனால சொல்றேன், இண்டர்ஃபியரன்ஸ்னு வந்தா மொத வேலை எடத்த மாத்தறது. கேலிப்ரேஷன் அதுக்கு அப்புறம்தான், அதுவும் புது எடத்துலயும் விடாம கேட்டா மட்டும். சிமெண்டு தளம், காடி, லாரி, இரும்பு கிரில், ஜிங்க் கூரை, ஹைடென்ஷன் டவர், கைல கட்டியிருக்கற வாட்ச், பாக்கெட்டுல இருக்கற ஹேன்போன், இதெல்லாம் பக்கத்துல இல்லாம பார்த்துக்குங்க. ஒவ்வொரு தடவ ஏத்தறதுக்கு முன்னாடியும் காம்பஸ் பண்ணணும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, இப்ப வர்ற ட்ரோனுக்கு அது தேவையில்ல, தானா கேக்கும்.

நிக்கறப்ப நல்லா நிக்குது, முன்னாடி தள்ளினா மட்டும் வளையுது

எங்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல இதுதான், பெரும்பாலும் ட்ரோன்ல ஒரு கோளாறும் இருக்காது.

எடது ஸ்டிக்க மேல தள்ளினா ஏறும், பக்கத்துல தள்ளினா மூக்கு திரும்பும், ரெண்டும் ஒரே ஸ்டிக்கு. ஷாட்டு நடுவுல கொஞ்சம் ஏத்தலாமேன்னு கட்டைவிரலால தள்ளுவீங்க, கட்டைவிரல் நேரா மேல போகாது, அதோட மூட்டு இருக்கற விதத்துக்கு ஒரு வளைவாதான் போகும். அந்த வளைவுல ஒரு நூல் அளவு பக்கவாட்டு கட்டளை போயிடும், மூக்கு ரெண்டு டிகிரி திரும்பிடும். திரும்பினது உங்களுக்கு தெரியாது, ஒரு நெரை தாண்டினதுக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சதும் அவசரமா எதிர்ப்பக்கம் திருத்துவீங்க, வீடியோல பாம்பு மாதிரி வரும்.

ஸ்டிக்க கட்டைவிரலால மட்டும் தள்ளாம கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து கிள்ளிப் புடிங்க, கோலப்பொடி புடிக்கற மாதிரி. கழுத்துல ஒரு பட்டை மாட்டி ரிமோட்ட தொங்க விட்டீங்கன்னா உள்ளங்கைக்கு வேலை இல்ல, விரலுக்கு மட்டும்தான் வேலை. ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், பழகினா விட மாட்டீங்க.

அப்புறம் செட்டிங்ஸ்ல யா எக்ஸ்போன்னு ஒண்ணு இருக்கும், ஸ்டிக்க லேசா தள்ளறப்ப மூக்கு எவ்வளவு திரும்பணும்ன்றத அதுல கொறைக்கலாம். நடுப்பகுதி மந்தமா இருக்கற மாதிரி வெச்சா சின்ன அசைவுக்கெல்லாம் ட்ரோன் பெருசா திரும்பாது. சினி மோடு, ட்ரைபாட் மோடுன்னு இருந்தா அதுவே எல்லாத்தையும் மெதுவாக்கிடும், நேரான ஷாட்டுக்கு நான் எப்பவும் அதுலதான் பறப்பேன்.

மூக்க நேரா வைக்கறதுக்கும் ஒரு வழி இருக்கு. எல்லாரும் காலடியில இருக்கற மரத்த பார்த்து வெப்பாங்க, அது பத்தாது. ஸ்க்ரீன்ல கட்டக்கோடு போட்டுக்கிட்டு, நெரையோட அந்தக் கடைசியில தெரியற இடைவெளி நடுக்கோட்டுல விழுதான்னு பாருங்க. தூரத்துல இருக்கறதுக்கு வெச்சாதான் ரெண்டு டிகிரி தப்பு கண்ணுக்குத் தெரியும். வெச்சதும் ஸ்க்ரீன்ல தெரியற டிகிரி எண்ண வாய் விட்டு சொல்லிக்குங்க. நடுவுல அந்த எண் மாறுச்சுன்னா நீங்கதான் திருப்பினீங்க. மாறாம இருந்தும் கீழ நெரை நழுவுச்சுன்னா காத்தோ காம்பஸோ.

ஒசரத்த ஷாட்டுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, போகும்போது எடது கைய எடுத்துடறது ரொம்ப நல்லது. வேபாயிண்ட் வசதி இருந்தா ரெண்டு முனையிலயும் ஒரு புள்ளி வெச்சுட்டு விட்டுடுங்க, உங்க கையவிட அது நேரா போகும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நெரைய ஒட்டி ஒரே ஷாட்ட மாசா மாசம் திரும்ப எடுக்கணும்னா வேபாயிண்ட் இல்லாம ஆகாது.

பாதை நேரா இருக்கு, வீடியோல அடிவானம் சாயுது

கிம்பல், அதாவது கேமராவ ஆடாம புடிச்சு வெக்கற தாங்கி. மொதல்ல ஃபாலோ மோடுல இருக்கா, எஃப்பிவி மோடுல இருக்கான்னு பாருங்க, எஃப்பிவில ட்ரோன் சாஞ்சா கேமராவும் சேர்ந்து சாயும், அது அப்படித்தான் இருக்கணும். ஃபாலோல வெச்சும் சாயுதுன்னா சமமான தரையில வெச்சு கிம்பல் கேலிப்ரேஷன் பண்ணுங்க, மூடியையும் கொக்கியையும் எடுத்துட்டுதான் ஆன் பண்ணணும். அப்பயும் அரை டிகிரி இருந்தா கையால திருத்தற வசதி இருக்கு. ஸ்போர்ட் மோடுல நல்லா சுத்திட்டு வந்து ஒடனே எடுத்தீங்கன்னா கொஞ்ச நேரம் சாஞ்சுதான் இருக்கும், ஏன்னா வேகமா திரும்பறப்ப வர்ற விசைய பூமியோட இழுப்புன்னு சென்சார் நெனச்சுடுது. இருபது வினாடி அசையாம நிறுத்தி வைங்க, தானா சரியாகும்.

போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப மறு பக்கம்

காத்துதான். சின்ன ட்ரோன் பலதும் 249 கிராம் எடைதான், டிஜேஐ மினி 2 மாதிரி ஒண்ணு தாங்கறதே வினாடிக்கு எட்டரைல இருந்து பத்தரை மீட்டர் காத்துதான். அந்த எல்லைக்குள்ள இருந்தா ஜிபிஎஸ் மோடுல அதுவே காத்துக்கு எதிரா சாஞ்சு பாதைய காப்பாத்திக்கும். ஆனா மரத்து உச்சிய ஒட்டி பறந்தா காத்து சீரா இருக்காது, மட்டைல பட்டு சுழலும், திடீர் திடீர்னு தள்ளும். ஒரு பத்து பதினஞ்சு மீட்டர் கூட ஏத்துனா அடங்கும். செம்பனை மில்லு பக்கம் புகைக்கூண்டுல இருந்து எழும்பற சூட்டுக் காத்து தனி, அதுக்கு மேல போகவே வேணாம்.

நேரம் முக்கியம். காலையில ஏழரைல இருந்து ஒம்பதரை வரைக்கும் எங்க பக்கம் எலைகூட அசையாது, பனி மட்டும் லேசா இருக்கும். மத்தியானத்துக்கு மேல மழை மேகம் கட்டுச்சுன்னா அதுக்கு முன்னாடியே காத்து வந்துடும். ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் இன்னொண்ணு இருக்கு, சுமத்ரா பக்கம் இருந்து மலாக்கா நீரிணைய தாண்டி விடியக்காலையில ஒரு சூறை வரும், மேற்க கருப்பா ஒரு கோடு தெரிஞ்சா ட்ரோன பையில இருந்தே எடுக்காதீங்க.

நேரா போகுது, ஆனா ஏறி எறங்குது

மரத்துக்கு ரெண்டு மூணு மீட்டர் மேல பறந்தா அடியில இருக்கற சென்சார் மரத்து உச்சியதான் தரைன்னு நெனைக்கும், இடைவெளி வந்ததும் தரை எறங்கிடுச்சுன்னு நெனைக்கும். ஒசத்துங்க. வேகமா போறப்ப கொஞ்சம் எறங்கறதுக்கு காத்தழுத்தத்த வெச்சு ஒசரத்த அளக்கற பாரோமீட்டர் காரணம், ட்ரோன் மேல ஓடற காத்து அழுத்தக் கணக்க மாத்திடுது. மெதுவா போனா வராது.

ஒரு பக்கமா இழுக்குது, வீடியோ ஜெல்லி மாதிரி நடுங்குது

ப்ராப்ப, அதாவது சுத்தற றெக்கைய, பாருங்க. மட்டைல ஒரு தடவ ஒரசியிருந்தாலே முனையில பல்லு விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, நகத்தால ஓரத்த தடவிப் பார்த்தா தெரியும். ஒரு மோட்டாருக்கு ரெண்டு றெக்கைன்னா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, குறி போட்டது எங்க, குறி போடாதது எங்கன்னு பார்த்து மாட்டுங்க. ஸ்க்ரூவ அடிக்கடி பாருங்க. கரண்ட் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு மோட்டாரையும் விரலால சுத்துங்க, நாலும் ஒரே மாதிரி வழவழன்னு சுத்தணும், ஒண்ணு மட்டும் நறநறன்னா செம்மண்ணு உள்ள போயிருக்கு. தோட்ட ரோட்டுல நேரா தரையில வெச்சு ஏத்தாதீங்க, ஒரு ரப்பர் பாயாவது விரிங்க.

இன்னொண்ணு, நாம பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கறதால பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் ஜிபிஎஸ் தடுமாறும், மார்ச் ஏப்ரல்லயும் செப்டம்பர் அக்டோபர்லயும் கூடுதலா. மேல இருக்கற அயனி மண்டலம் கலங்கறதால வர்றது அது, உங்க ட்ரோன் கெட்டுப்போகல. மறுநாள் காலையில ஏத்திப் பாருங்க. 400 அடிக்கு மேல போகாதீங்க, கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே வெச்சுக்குங்க, வான்படம் எடுக்கறதுக்கு சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்), ஜூபெம் (நில அளவை, வரைபடத் துறை) ரெண்டு பக்கமும் அனுமதி விஷயத்த பார்த்துட்டு எடுங்க.

நேரா ஏன் இவ்வளவு புடிவாதமா கேக்கறேன்னு சொல்றேன்னேன் இல்லையா. போன வருஷம் ஒரு தோட்டத்துல லயத்த ஒடைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு போனேன். ரெண்டு பக்கமும் வீடு, நடுவுல ஒரு சந்து, அந்தக் கோடியில காலையில ஆளுங்கள கூட்டி பேர் கூப்புடற பெரட்டுக்களம், பக்கத்துல கொழந்தைங்கள பார்த்துக்கற ஆயாக்கொட்டாய், அதுக்கும் அப்பால மாரியம்மன் கோயில். கேமராவ நேரா கீழ வெச்சு முப்பது மீட்டர் ஒசரத்துல அந்தச் சந்து மேல ஒரே இழுப்பா போகணும், ஒவ்வொரு கூரையும் வரிசையா வந்து போகணும், ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. மொத நாள் காத்து, ரெண்டாவது நாள் என் கை. மூணாவது நாள் காலையில எட்டு மணிக்கு வேபாயிண்ட் வெச்சு, வினாடிக்கு ரெண்டு மீட்டர் வேகத்துல விட்டேன். அங்க பொறந்து வளர்ந்த ஒரு பாட்டி இப்ப மகன் வீட்டுல டவுன்ல இருக்காங்க, அவங்ககிட்ட கொண்டுபோய் ஹேன்போன்ல போட்டுக் காட்டினேன். கூரைய ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தாங்க, பதினாலாவதுல விரல வெச்சு, "நிறுத்துய்யா, இதுதான் எங்க வீடு"ன்னாங்க.